பெல்ட்டைப் பிடித்த கை

சுடுகாட்டுச் சுவரில் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டவன் நான். வீரத்தைக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை, தொழில் அப்படி. சுங்கைப்பட்டாணியில் எனக்கு ஒரு வீடியோ கடை இருக்கிறது, கல்யாணம், காதுகுத்து, தைப்பூசம், கருமாதி என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவேன், சிதை எரிந்து அடங்குகிற வரைக்கும் நின்று படம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை பார்க்க வேண்டுமாம். இத்தனை வருஷத்தில் எந்த ஆவியும் என் லென்சுக்கு முன்னால் வந்து நின்றதில்லை. வந்திருந்தால் நானே ஃபோகஸ் வைத்து எடுத்து நல்ல விலைக்கு விற்றிருப்பேன். ஆகவே இதைச் சொல்லுகிறவன் எப்படிப்பட்ட ஆள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், அப்புறம் சிரிப்பதானால் தாராளமாகச் சிரியுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என்னிடம் ஒரு வித்தை உண்டு, பின்னால் நடப்பது. சும்மா நாலு அடி இல்லை. தைப்பூசத்தில் காவடிக்காரர் முன்னால் ஆடி வர, அவர் முகத்தைப் பார்த்தபடியே கோயில் வாசல் வரைக்கும் பின்பக்கமாகவே நடந்து எடுப்பேன், படம் ஒரு துளி ஆடாது. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், கெடா மாநிலத்தில் என்னைவிட நன்றாகப் பின்னால் நடக்கிற ஆள் இல்லை. ஆனால் இந்த வித்தையில் பாதி என் மச்சான் கணேசனுடையது. என் தங்கை வசந்தியின் புருஷன். எனக்கு முதுகில் கண் இல்லையே, அதனால் அவன் எனக்குப் பின்னால் நின்று என் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொள்வான். இடப்பக்கம் இழுத்தால் இடம், வலப்பக்கம் இழுத்தால் வலம், கீழே அழுத்தினால் படி இறங்கு என்று அர்த்தம். அவனுக்கே வழி தெரியாமல் போனால் இடம் ஒரு இழுப்பு, வலம் ஒரு இழுப்பு இழுப்பான், எந்தப் பக்கம் என்று கேட்கிறான். நான் எந்தப் பக்கம் இடுப்பைச் சாய்க்கிறேனோ அந்தப் பக்கம் கூட்டிப் போவான். வாயே திறக்க மாட்டோம். ஒரு தடவை கூட்டத்தில் ஐஸ்கிரீம் வண்டிமேல் என்னை மோதவிட்டான், அதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது.

இந்தக் காவடி வீடியோ ஒன்றை எங்கேயோ பார்த்துவிட்டுத்தான் தர்ஷினி என் கடைக்கு வந்தாள். சுங்கைப்பட்டாணிப் பெண்தான், யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா அம்மா இரண்டு பேரும் அரசாங்க உத்தியோகம், பெண் வெளியூரில் சினிமா படித்துவிட்டு வந்திருக்கிறாள். யுத்தத்தில் ஜப்பான்காரன் இங்கே ஆண்ட காலத்துக் கதை ஒன்று எடுக்க வேண்டும் என்றாள். செமிலிங் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஆண்களை சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன காலைப்பொழுது. போனவர்களில் முக்கால்வாசிப் பேர் வீடு திரும்பவே இல்லை. இருட்டில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக்கு ஆள் கூடுவதில் தொடங்கி, வெளிச்சம் வரும்போது லாரியில் ஏற்றுவதில் முடியும். அந்த ஒரு காலைதான் முழுப் படமும்.

"வெட்டே கிடையாது அண்ணா," என்றாள். "முதல்ல இருந்து முடியும்வரை ஒரே ஷாட். கேமரா ஒருக்கா ஓடத் தொடங்கினால் நிக்கவே கூடாது."

"ஏம்மா, துண்டு துண்டா எடுத்து ஒட்டிக்கலாம்லா? இப்பதான் கம்ப்யூட்டர் இருக்கே," என்றேன்.

"அந்த ஆக்களுக்கு நடுவில நிக்கிறதுக்கு யாரும் நேரம் குடுக்கேல்லை அண்ணா. பார்க்கிறவைக்கும் நான் குடுக்க மாட்டன்."

எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. கலைப்படம் என்றால் தூக்கம் வருகிற படம் என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன், ஆனால் பின்னால் நடந்தே ஒரு முழுப் படம் எடுக்கலாம் என்றால் விடுவேனா. சரி என்று சொல்லிவிட்டேன். மச்சானும் வருவான் என்றேன். இல்லாவிட்டால் எப்படி.

தங்கைக்குத்தான் பிடிக்கவில்லை. மச்சானுக்கு இனிப்பு நீர், தினமும் காலையில் ஊசி போட்டுக்கொள்கிற கட்டம். படப்பிடிப்பு தொடங்குவதற்கு முன்னால் வசந்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அண்ணே, ஊசி போட்டுட்டு சாப்பிடலன்னா அவரு ஆளே விழுந்துருவாரு. போன வருசம் பசார்ல விழுந்தாரே, ஞாபகம் இருக்குலா? பக்கத்துக் கடைக்காரன் பாத்ததால பொழச்சாரு. நீ கேமராவையே பாத்துக்கிட்டு இருக்காத, அவரையும் பாரு." நான் பெரிய மனுஷன் மாதிரி, அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் போ என்றேன்.

தோட்டம் ஜெராய் மலையடிவாரத்தில் இருந்தது. பெரும்பகுதி செம்பனை ஆகிவிட்டது, ஓரத்தில் கொஞ்சம் பழைய ரப்பர் மரங்களும், தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்து காலி செய்துவிட்டுப் போன லயமும் மிச்சம். அதையும் இடித்துவிட்டுச் செம்பனை நடப்போகிறார்கள், இயந்திரம் வருவதற்குள் எடுத்து முடித்துக்கொள்ளுங்கள் என்று நிர்வாகத்தில் சொல்லியிருந்தார்கள். நடிகர்கள் எல்லாரும் பீடோங், செமிலிங், மெர்போக் பக்கத்து ஆட்கள்தான், ஃபேக்டரி வேலை, லாரி ஓட்டுகிறவர்கள், கடையில் நிற்கிற பெண்கள். வாரக்கணக்கில் ஒத்திகை நடந்தது. ஒரே ஷாட்டில் எடுப்பது எப்படிப்பட்ட கூத்து என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கேமரா பார்க்கிற பக்கம் ஜப்பான்காரன் காலம், எல்லாரும் மூச்சு விடாமல் சோகமாக நிற்பார்கள், கேமராவுக்கு முதுகுப்பக்கம் பார்த்தால் பெண்கள் கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுத்த வாசலில் போய் நிற்க ஓடுவார்கள், ஒருத்தி ஓடிக்கொண்டே கர்ரிபாஃப் தின்பாள். நான் நடுவில் பின்னால் நடந்துகொண்டிருப்பேன்.

வழியைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. பெரட்டுத் திடலில் தொடங்கி லயத்து வாசல்கள் வழியாக ரப்பர் மரங்களுக்குள் போக வேண்டும். அங்கே ஒரு கால்வாய், அதன்மேல் சின்னப் பாலம். பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். எனக்கு வலப்பக்கம் போனால் செம்மண் சாலை, அங்கேதான் லாரி நிற்கும், படம் முடியும். இடப்பக்கம் போனால் அதே கால்வாயின் கரையோரமாகச் சுற்றி மறுபடியும் லயத்துக்கே வந்துவிடும். பிடித்துக்கொண்டு போகப்படுகிற ஆண்கள் வரிசையாக என் கேமராவைப் பார்த்து நடந்து வருவார்கள். இருட்டில் எவனும் ஓடிவிடக்கூடாது என்று முன்னால் போகிறவனின் இடுப்புத் துணியைப் பின்னால் வருகிறவன் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், தர்ஷினி அப்படி வைத்திருந்தாள். அவர்களுக்கு அவள் சொன்ன கட்டளை ஒன்றே ஒன்று, என்ன ஆனாலும் நிற்காதீர்கள், கேமரா போகிற பக்கமே வாருங்கள்.

வெளிச்சம் வருகிற நேரத்தில்தான் எடுக்க முடியும் என்பதால் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். முதல் நாள் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, பாதியில் யாரோ ஒருவர் மோட்டார் சைக்கிளில் படத்துக்குள் வந்து எனக்குக் கையும் காட்டிவிட்டுப் போனார். மறுநாள் மழை. அதற்கு அடுத்த நாள்தான் கடைசி, அதற்குப் பிறகு இயந்திரம் வந்துவிடும். அந்த மழை நாளில் தர்ஷினி வேனுக்குப் பின்னால் நின்று அழுததை நானும் மச்சானும் பார்த்துவிட்டோம். மச்சானுக்கு மனசு தாங்கவில்லை. அவன் என்ன செய்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது, உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ரப்பர் மரங்களின் ஓரத்தில் ஒரு முனீஸ்வரர் கோயில், கோயில் என்று சொல்ல முடியாது, தகரக்கூரை, ஒரு சூலம், அவ்வளவுதான். மச்சான் அன்றைக்குச் சாயங்காலம் அங்கே போய், நாளைக்குப் படம் நல்லபடியாக முடிகிற வரைக்கும் பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் இருக்கிறேன் என்று வேண்டிக்கொண்டிருக்கிறான். சரி, விரதம் இருக்கிறவன் ஊசியைப் போடாமல் இருந்திருக்க வேண்டும், அல்லது ஊசி போட்டவன் விரதத்தை விட்டிருக்க வேண்டும். ஆனால் ஊசியை வசந்தி பக்கத்தில் நின்று போட்டுவிட்டுத்தான் வெளியே அனுப்புவாள், வேண்டுதல் என்று சொன்னால் விளக்குமாற்றை எடுப்பாள். அதனால் ஐயா நல்ல பிள்ளை மாதிரி ஊசியைப் போட்டுக்கொண்டு, அவள் கட்டிக்கொடுத்த பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு, அதைப் பிரிக்காமலே வேனில் வைத்துவிட்டு வந்து என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். பொண்டாட்டிக்கும் பயம், சாமிக்கும் பயம், நம் ஆட்களுக்கே உள்ள புத்தி. நான் என்ன செய்தேன் தெரியுமா? "சாப்பிட்டியா மச்சான்?" என்று கேட்டேன். "ஆச்சு மச்சான்" என்றான். அதோடு விட்டுவிட்டேன்.

இருட்டில் தொடங்கினோம். அன்றைக்கு எல்லாமே அமைந்து வந்தது. பெரட்டில் கங்காணியாக நடித்தவர் பேர் கூப்பிட்டதே வேறு மாதிரி இருந்தது, லயத்து வாசலில் பெண்கள் நின்ற நிலையும் அப்படித்தான், யாரும் நடித்த மாதிரி இல்லை. காதில் மாட்டியிருந்த கருவியில் தர்ஷினி மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது, வாய் பேசவில்லை, அதிலேயே அவளுக்குத் திருப்தி என்று தெரிந்துகொண்டேன். ரப்பர் மரங்களுக்குள் நுழையும்போது இலைகளுக்கு மேலே லேசாக வெளுத்துக்கொண்டு வந்தது. ஆண்கள் வரிசை என் முன்னால் வந்துகொண்டிருந்தது, முதல் ஆள் சரவணன், பீடோங்கில் ஃபேக்டரி வேலை பார்க்கிற பிள்ளை. மச்சானின் கை பெல்ட்டில் இருந்தது. அவன் கை எப்போதும் ஈரமாக இருக்கும், என் சட்டை நனைந்துவிடும், நான் கிண்டல் செய்வேன். அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகமாக நனைந்தது. நடுக்கமும் இருந்தது. கடைசி நாள் பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

சின்னப் பாலத்தைத் தாண்டினோம். தாண்டிய உடனே கை விட்டது.

ஒரு மூச்சு நேரம் இருக்கும். பின்னால் மரவேர், கல், கால்வாய் எல்லாம் இருக்கிறது, கையில் இவ்வளவு பெரிய கேமரா. திரும்பிப் பார்க்கவும் முடியாது, பார்த்தால் படம் ஆடிவிடும். நல்லவேளை, உடனே மறுபடியும் பிடித்துக்கொண்டது. பிடித்த பிடியில்தான் ஒரு வித்தியாசம். மச்சான் பெல்ட்டை மட்டும் பிடிப்பான். இது சட்டையையும் சேர்த்துக் கொத்தாகச் சுருட்டிப் பிடித்தது, வேட்டியைப் பிடிக்கிற மாதிரி. விரல் முட்டி என் முதுகெலும்பில் பட்டது, காய்ந்த கட்டை மாதிரி இருந்தது, ஈரமே இல்லை. நடுக்கமும் இல்லை. பரவாயில்லையே, மச்சான் சமாளித்துக்கொண்டான் என்றுதான் நினைத்தேன், வேறு என்ன நினைப்பேன், சொல்லுங்கள்.

பிரிகிற இடம் நெருங்கியதும் இடம் ஒரு இழுப்பு, வலம் ஒரு இழுப்பு. எந்தப் பக்கம் என்று கேட்கிறது. எனக்குக் கோபம் வந்தது. வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்த வழி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான், இப்போது போய்க் கேட்கிறானே. இடுப்பை நன்றாக வலப்பக்கம் சாய்த்துக் காட்டினேன். கை கொஞ்சம் தயங்கியது. அப்புறம் இடப்பக்கம் இழுத்தது.

நான் மறுபடியும் வலம் சாய்ந்தேன். கை விடவில்லை. முரட்டுத்தனமாகவும் இல்லை, ஆனால் எதிர்த்து நிற்க முடியாத ஒரு இழுப்பு. பின்னால் நடக்கிறவனுக்கு ஒரே ஒரு விதிதான், முதுகைப் பிடித்திருக்கிறவன் சொன்னதைக் கேட்க வேண்டும், வாதாடினால் மல்லாக்க விழ வேண்டியதுதான். நான் இடப்பக்கம் போனேன். சொன்ன சொல் மாறாமல் சரவணனும் அவனுக்குப் பின்னால் மொத்த வரிசையும் கேமராவின் பின்னாலேயே திரும்பினார்கள்.

காதில் தர்ஷினி கத்தினாள். "எங்க போறீங்கள் அண்ணா? வலது! வலது! லாரி அங்க நிக்குது அண்ணா!"

பதில் சொல்ல முடியாது, சொன்னால் படத்தில் ஒலி விழுந்துவிடும். என் தொழிலில் இவ்வளவு பெரிய அவமானம் எனக்கு நடந்ததில்லை, அந்தப் பெண்ணின் கடைசிக் காலையை நான் குட்டிச்சுவராக்கிக்கொண்டிருக்கிறேன், முடியட்டும், மச்சானை இன்றைக்கு உரித்துவிடுகிறேன் என்று மனசுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டே நடந்தேன். கால்வாய்க் கரையில் லாலாங் புல் இடுப்பளவு. கை ஒரு இடத்தில்கூட என்னைத் தடுக்கி விழ விடவில்லை, வேர் வந்தால் தூக்கியது, பள்ளம் வந்தால் அழுத்தியது. போகப் போக வேகம் கூடியது. அவசரப்படுகிற ஆள் கையைப் பிடித்து இழுப்பானே, அந்த மாதிரி.

கரையோரமாகச் சுற்றிப் பாலத்துக்கு நேர் எதிரே வந்துவிட்டோம். நான் அந்த இடத்தைத் தாண்டிய பிறகுதான் அது என் படத்துக்குள் வந்தது. சரவணனின் காலுக்குப் பக்கத்தில், கால்வாய்க்குள், புல்லை அழுத்திக்கொண்டு ஒரு கறுப்புச் சட்டை. கேமராவில் பொருத்தியிருந்த சின்னத் திரையில் பார்க்கிறேன். கறுப்புச் சட்டை, முதுகில் என் கடைப் பெயர். ஒரு பக்கமாக விழுந்து கிடக்கிறான், வாயோரத்தில் தண்ணீர் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. என் மச்சான்.

என் பெல்ட்டில் கை இருக்கிறது.

இதை நான் எத்தனை பேரிடம் எப்படிச் சொன்னாலும் அந்த இடம் சரியாக வருவதில்லை. பயம் என்று சொன்னால் போதாது. கண் முன்னால் மச்சானைப் பார்க்கிறேன், முதுகில் விரல் முட்டியை உணர்கிறேன், இரண்டும் ஒரே நேரத்தில். நான் நின்றேன். அந்தக் கை நிற்கவில்லை. இழுத்தது. லயத்துப் பக்கம் இன்னொரு தடவை, பலமாக இழுத்தது, என் குதிகால் மண்ணில் சறுக்கியது. நான் காலை ஊன்றி நின்றுகொண்டேன். அப்புறம் இடம் ஒரு இழுப்பு, வலம் ஒரு இழுப்பு, மெதுவாக. அதோடு விட்டுவிட்டது.

"மச்சான்!" என்று கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் மண்டியிட்டுச் சரிந்தேன். சரவணன் கால்வாய்க்குள் குதித்துவிட்டான். வரிசை உடைந்து எல்லாரும் ஓடி வந்தார்கள், லயத்து வாசலில் நின்ற பெண்களுக்கு என் சத்தம் கேட்டு அவர்களும் அந்தக் காலத்துச் சேலையோடு ஓடி வந்தார்கள். "இனிப்பு நீரு! இனிப்பு நீரு அவனுக்கு!" என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். லெட்சுமி அக்கா என்று ஒருவர், படத்தில் சரவணனுக்குப் பொண்டாட்டியாக நடித்தவர், தேநீர் கலக்க வைத்திருந்த கட்டிப்பால் டின்னோடு வந்துவிட்டார், அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து ஈறில் தேய்த்துக்கொண்டே இருந்தார், "கண்ணத் தொறப்பா, தம்பி, கண்ணத் தொறப்பா" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டு. நான் அழுதேன், அதை மறைக்க வேண்டியதில்லை. வசந்தியிடம் என்ன முகத்தோடு போய் நிற்பேன் என்று அழுதேன். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னாலேயே அவன் லேசாக முனகினான். பிழைத்துக்கொண்டான். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்திருந்தால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

நாங்கள் லாரிப் பக்கம் போயிருந்தால் அவன் கிடந்த இடத்துக்கு யாரும் வந்திருக்க மாட்டோம், படம் முடிந்து கைதட்டிக்கொண்டிருப்போம். அதை யோசித்துப் பார்த்து, சரி, முனீஸ்வரரோ எந்தச் சாமியோ வந்து என் மச்சானைக் காப்பாற்றியது என்று வைத்துக்கொண்டேன். எனக்கு அதில் ஒரு நிம்மதிகூட வந்தது, நம்பிக்கை இல்லாதவனுக்கும் நன்றி சொல்ல ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. அந்த நிம்மதியை முதலில் கெடுத்தவன் சரவணன். ஆஸ்பத்திரிக்கு வந்தவன் என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, கணேசன் அண்ணன் கைய வுட்டுட்டு ஒதுங்குன பெறவு ஒங்களப் புடிச்சிக்கிட்டு வந்தாரே, அவரு யாருண்ணே? பாவம், செருப்புகூட இல்லாம அந்த முள்ளுல நடந்தாரு."

"எப்படி இருந்தாரு?"

"மொகத்தப் பாக்கல. எங்களுக்கு முதுகக் காட்டிக்கிட்டுதான் நடந்தாரு, ஒரு கையப் பின்னால விட்டு ஒங்களப் புடிச்சிக்கிட்டு. நம்ம உடுப்புதான் போட்டிருந்தாரு, வேட்டி, தலப்பா. எங்க கூட்டத்து ஆளத்தான் மாத்தி வுட்டுட்டாங்கன்னு நெனச்சேன்."

வரிசையில் இருந்த மற்றவர்களைக் கேட்டேன். முன்னால் நடந்தவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, உடுப்பு கொடுக்கிற பெண்ணோ தன் ஆட்கள் ஒருவர்கூட வரிசையை விட்டு வெளியே போகவில்லை என்று சத்தியம் செய்கிறாள். நீங்களே சொல்லுங்கள், கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு எதற்கு உடுப்பு? படத்தில் விழப் போகிறானா?

மச்சான் தேறி, வசந்தியின் வாய்க்குத் தப்பி உட்கார்ந்து பேச ஆரம்பித்தபோது அவனிடம் கேட்டேன். அவன் ஒரே ஒரு தடவைதான் சொன்னான், அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்க விடுவதில்லை.

"பாலத்துக்கிட்ட கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு மச்சான். ஒன்ன விட்டுறக் கூடாதுன்னு கெட்டியாப் புடிச்சிக்கிட்டேன். அப்ப ஒருத்தரு வந்து என் வெரல ஒவ்வொண்ணா எடுத்து வுட்டாரு. 'நீ ஒக்காருப்பா, நான் புடிச்சிக்கிறேன்'னாரு. நம்ம படத்து ஆளுன்னு நெனச்சு, கேமராவுல விழக் கூடாதேன்னு கால்வாப் பக்கம் ஒதுங்கி ஒக்காந்துட்டேன். அப்ப ஒண்ணு கேட்டாரு."

"என்னா கேட்டாரு?"

"'லயத்துக்கு எந்தப் பக்கம்ப்பா போவணும்?'னு கேட்டாரு. நான் கையக் காட்டுனேன். அதுக்கு மேல எனக்குத் தெரியல."

சர்க்கரை இறங்கினால் மூளை இப்படியெல்லாம் காட்டும் என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம், நான் டாக்டருக்குப் படித்தவன் இல்லை. ஆனால் அதைக் கேட்ட பிறகு எனக்கு ஒன்று உறைத்தது. அந்தக் கை மச்சான் கிடந்த இடத்தில் நிற்கவில்லை. நின்றவன் நான். அது எங்களுக்காக வந்திருந்தால் அங்கேயே விட்டிருக்கும், அப்படி இழுத்திருக்காது. அது வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, வழியில் மச்சான் கிடந்தான், அவ்வளவுதான். லயம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நான் காலை ஊன்றிக்கொண்டேன். என் மச்சான் உயிர், நான் வேறு என்ன செய்திருக்க முடியும், இன்றைக்கு நடந்தாலும் அங்கேதான் நிற்பேன்.

படம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். தர்ஷினி "கட்" சொல்லவே இல்லை. பிடித்துக்கொண்டு போன வரிசை சாலைக்குப் போகாமல் திரும்பி லயத்துக்கு வருகிறது, ஒருவன் விழுந்து கிடக்கிறான், யாரோ ஒருவன் மச்சான் என்று அலறுகிறான், பெண்கள் ஓடி வந்து தூக்குகிறார்கள், அதற்குப் பிறகு கேமரா சரிந்து ரப்பர் இலைகளையும் வானத்தையும் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. அப்படியே முடித்துவிட்டாள். சுங்கைப்பட்டாணியில் மண்டபத்தில் போட்டுக் காட்டியபோது வரிசை திரும்புகிற இடத்தில் கூட்டத்தில் பாதிப் பேர் அழுதார்கள். போனவர்கள் திரும்பி வருகிற மாதிரி எடுக்க உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று ஒருவர் தர்ஷினியைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். என் வேலையில் அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை, அந்தச் சுற்றுப்பாதை முழுக்கப் படம் ஒரு இடத்தில்கூட ஆடவில்லை. பின்னால் இருந்த ஆளை மட்டும் யாரும் பார்க்க முடியாது, கேமராவுக்குப் பின்பக்கம் தெரியாதே.

மச்சானை வசந்தி இப்போது என்னோடு அனுப்புவதில்லை. நானும் வேறு ஆள் வைத்துக்கொள்ளவில்லை, தனியாகத்தான் பின்னால் நடக்கிறேன், முடிந்த அளவு மெதுவாக. போன மாதம் பாலிங்கில் ஒரு கல்யாணம். பொண்ணு மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் வருகிறார்கள், நாதஸ்வரம் காதைப் பிளக்கிறது, நான் அவர்களைப் பார்த்தபடி பின்னால் போய்க்கொண்டிருக்கிறேன். சட்டையைச் சேர்த்துச் சுருட்டிப் பெல்ட்டைப் பிடித்தது அந்தக் கை. இது முதல் தடவையும் இல்லை. இடம் ஒரு இழுப்பு, வலம் ஒரு இழுப்பு, அப்புறம் நான் இடுப்பைச் சாய்ப்பதற்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது.

அந்த லயத்தை இடித்துச் செம்பனை நட்டாகிவிட்டது, நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், எந்த வாசல் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல், நேராக நிமிர்ந்தபடி நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.